மோட்டாரைக் கடைசியில் பாருங்கள்: திறந்த தணலில் இறைச்சி சுடச் சுழல்கம்பி வாங்குவோருக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். விடுமுறை நாள்களில் 2 முழுக்கோழி, ஆண்டுக்கு ஓரிரு முறை 15 கிலோ அளவில் ஒரு முழு ஆடு. மூடியடுப்பு கிடையாது, திறந்த வெளியில் விறகுத் தணல். "40 கிலோ தாங்கும்" என்று பெட்டியில் அச்சிட்ட மோட்டார் செட் ஒன்றும், கையால் சுற்றும் செட் ஒன்றும் கண்ணில் பட்டிருக்கின்றன. எதை வாங்குவது?

அந்த 40 கிலோவை முதலில் மறந்துவிடுங்கள். சுழல்கம்பி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டாரைப் பார்த்து வாங்குகிறார்கள். விற்கிறவர்களும் அதைத்தான் முன்னால் எடுத்து வைக்கிறார்கள். ஆனால் இறைச்சி கெட்டுப்போன கதைகளைக் கேட்டுப் பாருங்கள். கம்பி வளைந்தது, இறைச்சியைக் கம்பியோடு பிடித்து நிறுத்தும் முள் கவ்வி நழுவியது, கட்டு அவிழ்ந்தது, ஒரு பக்கம் கனத்தது என்றுதான் அவை தொடங்கும். மோட்டார் நின்றுபோன கதையிலும் குற்றவாளி பெரும்பாலும் மோட்டார் அல்ல, கட்டியவர்தான்.

ஏனென்றால், இறைச்சியின் எடையை மோட்டார் சுமப்பதில்லை. இரு முனைகளிலும் உள்ள தாங்கிகள் சுமக்கின்றன. மோட்டார் உணர்வதெல்லாம் கம்பியின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட எவ்வளவு கனக்கிறது என்பதைத்தான். 40 கிலோ இறைச்சியின் எடைமையம் கம்பியிலிருந்து 1 செ.மீ. மட்டும் விலகியிருந்தால், அதைத் தூக்கிச் சுற்ற 40 கிலோ-செ.மீ. முறுக்கு விசை வேண்டும். உங்கள் 15 கிலோ ஆட்டை அவசரமாகக் கோத்து, மையம் 4 செ.மீ. விலகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 பெருக்கல் 4, ஆக 60. ஒழுங்காகக் கட்டிய 40 கிலோவைவிட ஒழுங்கில்லாமல் கட்டிய 15 கிலோ மோட்டாருக்குப் பெரிய சுமை. பெட்டியில் இருக்கும் எண் எந்த விலகலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று யாரும் சொல்வதில்லை. நான் அந்த எண்ணைப் பாதியாக்கித்தான் படிப்பேன்.

இன்னொரு வேடிக்கை, இதற்குத் தேவைப்படும் சக்தி. அந்த 60 கிலோ-செ.மீ. சுமையை நிமிடத்துக்கு 3 சுற்று என்ற வேகத்தில் திருப்ப 2 வாட்டுக்கும் குறைவான சக்தி போதும். ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு இதைவிட அதிகம் எடுக்கும். அதனால்தான் மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வேலையை எதையெதையோ வைத்து நடத்த முடிந்தது. லியனார்டோ டா வின்சி புகைபோக்கிக்குள் ஒரு விசிறியை வைத்து, மேலேறும் வெங்காற்றே கம்பியைச் சுற்றும்படி படம் வரைந்து வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் குட்டைக்கால் நாய்களைச் சக்கரத்துக்குள் ஓடவிட்டுச் சுற்றினார்கள். பிறகு கடிகாரத்தைப்போல எடைக்கல் இறங்கி ஓட்டும் பொறிகள் வந்தன. ஆகவே "அதிக வாட்" என்ற விளம்பரத்தைக் கண்டால் மயங்க வேண்டாம். சக்தி சொற்பம், அதை மெதுவான, வலுவான திருப்பலாக மாற்றித் தரும் பல்சக்கரங்கள்தான் பொருட்டு.

எனவே மோட்டாரில் பார்க்க வேண்டியவை சில. உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் உலோகத்தாலானவையா, பிளாஸ்டிக்கா என்று கேளுங்கள். கோழிக்குப் பிளாஸ்டிக் ஓரளவு தாங்கும், ஆட்டுக்குத் தாங்காது. அடுத்து, கம்பியை மோட்டாரில் செருகிக் கையால் இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். சிறிது ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். விரல் அகலத்துக்கு ஆடினால், கனத்த பக்கம் உச்சியைத் தாண்டியதும் 'தொப்'பென்று விழும். அந்தச் சத்தம் ஒவ்வொரு சுற்றிலும் கேட்கும். ஒவ்வொரு முறையும் கவ்வி கொஞ்சம் கொஞ்சமாகச் சதையைக் கிழிக்கும், பல்சக்கரமும் அடிவாங்கும். திருகுப் பற்சக்கரம், அதாவது திருகுபோன்ற அச்சு பல்சக்கரத்தைத் திருப்பும் அமைப்பு, வைத்த மோட்டார்களில் பொதுவாகச் சுமை மோட்டாரைப் பின்னுக்குத் தள்ள முடியாது. கிடைத்தால் அதை எடுங்கள். வேகம் நிமிடத்துக்கு 2 முதல் 4 சுற்று போதும். வேகமாகச் சுற்றினால் சீக்கிரம் வெந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. கசியும் கொழுப்பு கீழே சொட்டுவதற்குள் மேற்பரப்பு திரும்பிவிட்டால் அது இறைச்சியின் மேலேயே உருண்டு பூசிக்கொள்கிறது. அவ்வளவு வேகம் இருந்தால் போதும்.

இனிக் கம்பி. பணத்தை இங்கே போடுங்கள்.

ஒரு மீட்டர் இடைவெளியில் இரு தாங்கிகள், நடுவில் 5 கிலோ. கம்பி 8 மி.மீ. சதுர எஃகு என்றால் நடுவில் சுமார் 15 மி.மீ. தொய்யும். அதே இடத்தில் 12 மி.மீ. சதுரக் கம்பி வைத்தால் தொய்வு 3 மி.மீ. மட்டுமே. தடிமன் ஒன்றரை மடங்குதான் கூடியது. தொய்வு ஐந்தில் ஒன்றாகிவிட்டது. நீளத்தின் கதை தலைகீழ். அதே 12 மி.மீ. கம்பியை 1.5 மீட்டர் இடைவெளியில் வைத்தால் தொய்வு 10 மி.மீ. ஆகிவிடும். நீளம் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்கு. "எதற்கும் நீளமாகவே வாங்கிவைப்போம்" என்ற எண்ணம் இங்கே கெடுதல்தான் செய்யும்.

தொய்வு வேறு, வளைவு வேறு என்பதையும் சொல்ல வேண்டும். தொய்ந்த கம்பி சுமையை எடுத்ததும் நேராகிவிடும். சுற்றும்போதும் தொய்வு எப்போதும் கீழ்நோக்கியே இருக்கும் என்பதால் சமநிலை அவ்வளவாகக் கெடாது. ஆனால் முனைகள் சாய்வதால் மோட்டாரின் செருகுகுழி ஒரு பக்கமாகத் தேயும். நிரந்தரமாக வளைந்துபோன கம்பி அப்படியல்ல. அது கைப்பிடி போட்ட சக்கரத்தைப்போல இறைச்சியை மேலும் கீழும் வீசும். ஒரு பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் தணலை நெருங்கிக் கருகும். கடையில் கம்பியைச் சமமான தரையிலோ மேசையிலோ வைத்துப் பாருங்கள். உருண்டைக் கம்பியை உருட்டினால் வளைவு உடனே தெரியும். சதுரக் கம்பியின் நான்கு பக்கங்களையும் மாற்றி மாற்றி வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கோழிக்குச் சதுரம் அல்லது அறுகோணக் கம்பி. உருண்டை வேண்டவே வேண்டாம். உருண்டைக் கம்பியில் கவ்வி நிற்பது ஒரே ஒரு திருகின் முனை அழுத்தும் புள்ளியை நம்பித்தான். கொழுப்பு வழிந்து அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்தப் பிடி போய்விடும். சதுரத்தில் திருகு தளர்ந்தாலும் கவ்வி பக்கவாட்டில் நகருமே தவிரச் சுழலாது.

ஆட்டுக்கு மட்டும் இந்த விதி மாறுகிறது. அங்கே 2 மீட்டர் இடைவெளி, 15 முதல் 20 கிலோ சுமை. திடக்கம்பியில் போனால் தூக்கவே ஆள் வேண்டும். குழாய்தான் தீர்வு. வெளிவிட்டம் 38 மி.மீ., சுவர் 3 மி.மீ. உள்ள எஃகுக் குழாய் 2 மீட்டருக்குச் சுமார் 5 கிலோ எடை. நடுவில் 20 கிலோ வைத்தாலும் 3 மி.மீ. சொச்சம்தான் தொய்கிறது. அதே 5 கிலோ எஃகைத் திடக்கம்பியாக அடித்தால் விட்டம் 20 மி.மீ. சொச்சம்தான் வரும்; தொய்வு ஆறு மடங்காகும். குழாய் உருண்டையாக இருக்கிறதே, கவ்வி நழுவாதா என்று கேட்பீர்கள். நழுவும். அதனால்தான் குழாயில் குறுக்காகத் துளையிட்டு, கவ்வியையும் முதுகெலும்பைப் பிடிக்கும் போல்ட்டையும் அந்தத் துளை வழியே ஊடுருவிப் பூட்ட வேண்டும். துளையில்லாத குழாயோடு வரும் செட்டை வாங்க வேண்டாம். குழாயின் இரு முனைகளையும் அழகுக்காகப் பற்றவைத்து அடைத்திருந்தால் அதுவும் வேண்டாம். உள்ளே தண்ணீர் சிக்கிச் சூடேறினால் நீராவி வெளியேற வழி வேண்டும்.

உலோகம் எது என்ற கேள்விக்கு நீளமான பதில் தேவையில்லை. உணவைத் தொடும் எல்லாம் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது நாம் எவர்சில்வர் என்று பாத்திரத்துக்கு வாங்கும் அந்த 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல் கலவை. சாதாரண எஃகும் கெடுதல் இல்லை. கழுவித் துடைத்து எண்ணெய் தடவிவைக்கும் பொறுமை இருந்தால் ஆயுளுக்கும் வரும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயும், ஜி.ஐ. கட்டுக்கம்பியும் மட்டும் கூடவே கூடாது. துத்தநாகம் சுமார் 420 பாகை செல்சியஸில் உருகுகிறது; கனன்று கிடக்கும் கங்கு அதைவிட எவ்வளவோ சூடு. அதிகச் சூட்டில் கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும். புளிப்பான ஊறல் தடவிய இறைச்சிக்குள் அந்தக் குழாய் இருந்தால் சூடே இல்லாமலும் பூச்சு கரைந்து இறங்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று நீர்க்குழாயை வெட்டிச் சுழல்கம்பி செய்து தருகிறவர்கள் உண்டு. நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள், இருந்தாலும் வாங்காதீர்கள். பளபளவென்று குரோமியம் பூசிய மெல்லிய கம்பிகளும் நாள்படப் பொரிந்து உரிகின்றன.

கவ்விகள். இரண்டு முள் உள்ளதைவிட நான்கு முள் உள்ளது நல்லது. முள் மெலிந்து கூராக இருப்பதைவிடத் தடித்து, கையால் அழுத்தினால் வளையாததாக இருக்க வேண்டும். திருகைப் பற்றி ஒரு வார்த்தை. காதுவைத்த திருகுகளைக் கையால் எவ்வளவு இறுக்கினாலும் சூடேறிய பின் தளர்ந்துவிடும். தலை அறுகோணமாக இருந்து ஸ்பேனரால் இறுக்கக்கூடிய திருகு இருந்தால் அந்தச் செட்டுக்குக் கூடுதல் மதிப்பெண். எதுவாக இருந்தாலும் தொடங்கி அரைமணி நேரத்தில் ஒருமுறை நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். எவர்சில்வர் திருகு எவர்சில்வர் துளையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும் குணம் உடையது. இரண்டு சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டுத் திருகினால் மறுநாள் சுத்தியல் தேட வேண்டியிருக்காது.

முதுகெலும்பு போல்ட்டைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். என் முதல் செட்டில் உருண்டைக் கம்பி, இரண்டு கவ்வி, அவ்வளவுதான். பதினாலு கிலோ ஆடு. முதல் இரண்டு மணி நேரம் அழகாகச் சுற்றியது. நானும் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு பக்கத்தில் மட்டும் கொழுப்பு பற்றி எரிவதைப் பார்த்து எழுந்து போனால், கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆடு சுற்றவில்லை. தொடைச் சதை வெந்து மெத்தென்று ஆனதும் கவ்வியின் முள்கள் அதை வெண்ணெயைப்போல அறுத்துக்கொண்டு வந்துவிட்டன. கனமான முதுகுப் பக்கம் கீழே தொங்கிக் கருகிக்கொண்டிருந்தது, வயிற்றுப் பக்கம் பச்சை. குறடும் கட்டுக்கம்பியும் எடுத்து, முகத்தில் தணல் அடிக்க, முதுகெலும்பைச் சுற்றி ஏழெட்டு இடத்தில் முறுக்கிக் கட்டித்தான் மீட்டேன். கை ரோமம் முழுதும் பொசுங்கிவிட்டது.

அன்றைக்குப் புரிந்தது: முழு உடலைச் சுடும்போது சதையைப் பிடித்துப் பயனில்லை, எலும்பைப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் யூ வடிவ போல்ட். முதுகுத்தண்டுக்கு இரு புறமும் வெளியிலிருந்து குத்தி உள்ளே கொண்டுவந்து, வயிற்றுக்குள் ஓடும் குழாயின் துளைகளில் நுழைத்து, தகடு வைத்து நட் போட்டு இறுக்குவது. ஒரு ஆட்டுக்கு இரண்டு போதும், மூன்று இருந்தால் நிம்மதி. தண்டு குழாயோடு ஒட்டிக்கொள்வதால் எடைமையமும் தானாகவே கம்பிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கால்களை முன்னும் பின்னும் நீட்டிக் குழாயோடு சேர்த்து எவர்சில்வர் கம்பியால் கட்டுங்கள். பருத்தி நூல் கோழிக்குச் சரி; கட்டுமுன் நனைத்துக்கொண்டால் போதும். நைலான் கயிறு உருகிவிடும்.

நீளத்தில் ஏமாறாதீர்கள். பெட்டியில் 130 செ.மீ. என்று இருக்கும். அதில் தாங்கிகளுக்கு வெளியே போவது போக, கவ்விகள் எடுத்துக்கொள்வது போக, இறைச்சிக்கு மிஞ்சுவது 80 அல்லது 85 செ.மீ. என்று வரும். கால் நீட்டிய ஆட்டின் நீளத்தை அளந்து, இரு பக்கமும் ஒரு முழம் இடம் விட்டு, அதற்குப் பின் கம்பியைத் தேடுங்கள்.

தாங்கியை வாங்கும்போது அடுப்பை மனத்தில் வையுங்கள். சுழல்கம்பியில் சுடுவது என்றால் நெருப்புக்கு நேர் மேலே சுடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். நேர் கீழே நெருப்பு இருந்தால் சொட்டும் கொழுப்பு பற்றிக்கொண்டு கரிப்புகை இறைச்சியில் படியும். பழைய சமையற்கூடங்களில் கம்பி நெருப்புக்கு முன்னால்தான் சுற்றியது. அடியில் கொழுப்பு பிடிக்கும் தட்டு இருந்தது. தணலை இரண்டு நீண்ட வரிசையாகக் கம்பிக்கு இருபுறமும் தள்ளிவைத்து, நடுவில் தட்டு வைப்பதுதான் என் வழக்கம். அதுவும் ஒரே சீராக அல்ல: தொடைக்கும் தோள்பட்டைக்கும் நேராகத் தடித்த மேடு, இடுப்புக்கு நேராகக் கொஞ்சமே. இடுப்புப் பகுதி மெலிந்தது, முதலில் வெந்து உலர்ந்துவிடும். ஆகவே தாங்கியின் கால்கள் தணல் தள்ளும் மண்வெட்டிக்கு வழிவிட வேண்டும். குறுக்குச் சட்டங்கள் நிறைந்த, பார்க்க உறுதியான தாங்கிகள் இந்த இடத்தில் தொல்லை.

உயரம் மாற்ற வசதி கட்டாயம் வேண்டும். தரையிலிருந்து 40 முதல் 80 செ.மீ. வரை குறைந்தது நான்கு நிலைகள் இருக்கட்டும். வாயு அடுப்பைப்போல விறகைக் குறைத்துக் கூட்ட முடியாது. உயரம்தான் உங்கள் கையில் இருக்கும் திருகுகுமிழ். அளவுகோலும் கைதான். இறைச்சி இருக்கப்போகும் உயரத்தில் உள்ளங்கையை நீட்டுங்கள். இரண்டு நொடியில் இழுத்துக்கொண்டால் மிகைச்சூடு, நான்கைந்து நொடி தாங்கினால் சரியான சூடு, எட்டு நொடி வைத்திருக்க முடிந்தால் இன்னும் கங்கு தள்ளுங்கள்.

கம்பி படுக்கும் இடத்தில் பந்து பேரிங் வைத்திருப்பதை உயர்ந்த வகை என்று விற்பார்கள். தணலுக்குப் பக்கத்தில் அதன் கிரீஸ் உருகி வழிந்துவிடும். அதன்பின் வெறும் எஃகு உருண்டைகள் கிறீச்சிடும். மேற்புறம் திறந்த ஒரு வி வடிவ எஃகுப் பள்ளம், அதில் ஒரு துளி எண்ணெய், இதுவே நிமிடத்துக்கு 3 சுற்றுக்குத் தாராளம். கம்பியை அப்படியே தூக்கி எடுக்கலாம் என்ற வசதி வேறு. கம்பி பக்கவாட்டில் நகராமல் இருக்கப் போடும் வளையங்களை ஒட்ட இறுக்காதீர்கள். ஒன்றரை மீட்டர் எவர்சில்வர் கம்பி 100 பாகை சூடேறினால் 2.5 மி.மீ. நீளும், அரைவிரல் இடைவெளி விட்டால் மோட்டாரை முட்டாது. மிக முக்கியமானது: மோட்டார் பக்கத்திலும் கம்பி ஒரு தாங்கியில் படுத்திருக்க வேண்டும். சில மலிவு செட்களில் அந்தப் பக்கம் தாங்கியே கிடையாது, மோட்டாரின் குழிதான் தாங்கி. கோழிக்கு ஓடும். ஆட்டைப் போட்டால் மோட்டாரின் அச்சு வளையும்.

மோட்டாருக்கும் தணலுக்கும் நடுவே ஒரு தகடு மறைப்பு வேண்டும். குறைந்தது 30 செ.மீ. தள்ளியும் இருக்க வேண்டும். காற்று வரும் பக்கமாக மோட்டாரை வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மின்சாரம் எங்கிருந்து? வீட்டிலிருந்து இழுக்கும் வயர் என்றால் ஈரத் தரை, மிதிக்கும் கால்கள், தெறிக்கும் கங்கு எல்லாவற்றையும் நினைக்க வேண்டும். கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் இல்லாத இணைப்பில் மாட்டவே வேண்டாம். எனக்குப் பிடித்தது 12 வோல்ட். 15 வாட் மோட்டார் 1.25 ஆம்பியர் எடுக்கும். 6 மணி நேரத்துக்கு 7.5 ஆம்பியர்-மணி. 12 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று நாள் முழுதும் ஓட்டிவிடும், வயரில் யாரும் தடுக்கி விழவும் மாட்டார்கள். டார்ச் செல்களில் ஓடும் குட்டி மோட்டார்கள் ஒரு கோழிக்கு மேல் போனால் திணறும்.

கைப்பிடி செட்டைக் கேலி செய்யாதீர்கள். அதில் ஒரு நுட்பம் வேண்டும்: கைப்பிடிக்குப் பின்னால் துளைகள் உள்ள வட்டத் தகடும், அதில் செருக ஓர் ஆணியும். அது இருந்தால் விடாமல் சுற்ற வேண்டியதில்லை. ஆட்டை மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை கால் சுற்று திருப்பி ஆணியைச் செருகிவிட்டு உட்காரலாம். பெரிய உடல் மெதுவாகத்தான் சூடேறும். அந்த இடைவெளியில் கருகாது, தணல் அளவாக இருக்கும்வரை. சமநிலை கொஞ்சம் தவறியிருந்தாலும் கைக்குத் தெரியுமே தவிர எதுவும் உடையாது. கோழிக்கு இது சரிப்படாது, தோல் மெல்லியது, இடைவிடாமல் திரும்ப வேண்டும். மோட்டார் செட் வாங்கினாலும் கைப்பிடி மாட்டும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது மணி நேரத்தில் மோட்டார் நின்றால் அதன் அருமை தெரியும்.

எதிர் எடை என்பது கம்பியில் மாட்டி, வேண்டிய திசையில் திருப்பி, வேண்டிய தூரத்துக்கு நகர்த்தும் ஒரு சின்ன இரும்புக் குண்டு. கம்பியை மோட்டாரில் செருகாமல் இரு தாங்கியிலும் படுக்கவைத்து விட்டுவிடுங்கள். கனத்த பக்கம் தானாகக் கீழே போய் நிற்கும். குண்டை அதற்கு நேர் எதிரே, மேலே நிறுத்துங்கள். விரலால் தள்ளினால் எந்த நிலையிலும் அப்படியே நின்றுவிட வேண்டும், அதுவரை நகர்த்துங்கள். விலகல் பெரிதாக இருந்தால் குண்டை நம்பாமல் இறைச்சியை அவிழ்த்து மறுபடி கோப்பதே மேல். பாதி வெந்ததும் இன்னொருமுறை சோதிக்க வேண்டும். கொழுப்பும் நீரும் இறங்கி எடை குறைந்திருக்கும், எல்லாப் பக்கமும் ஒரே அளவில் குறையாது. இந்தக் குண்டு இல்லாத செட்டில் தனியாக வாங்கிக்கொள்ளலாம், கம்பியின் அளவு பொருந்த வேண்டும், அவ்வளவே.

துண்டுகள், மீன், காய்கறி போன்றவற்றுக்குக் கம்பிக்கூண்டு கிடைக்கிறது. கொழுப்பு ஒட்டிய கூண்டைத் தேய்ப்பது தண்டனை. அவசியம் இருந்தால் தவிர வேண்டாம்.

ஒரே ஒரு தொடை மட்டும் சுடுவதாக இருந்தால் எதுவுமே வாங்க வேண்டாம். மூன்று கழிகளைக் கூம்பாகக் கட்டி, இரட்டைப் பருத்திக் கயிற்றில் தொடையை நெருப்புக்கு முன்னால் தொங்கவிடுங்கள். ஒருமுறை முறுக்கிவிட்டால் கயிறு அவிழ்ந்து, எதிர்த்திசையில் முறுக்கிக்கொண்டு, மறுபடி அவிழ்ந்து, நீண்ட நேரம் தானே ஆடிக்கொண்டிருக்கும். அவ்வப்போது ஒரு தட்டு தட்டினால் போதும். பாதியில் தலைகீழாக மாற்றிக் கட்ட வேண்டும், ஏனென்றால் கீழ்ப்பகுதிக்குத்தான் சூடு அதிகம். கயிற்றின் கீழ்முனை நெருப்புக்கு அருகில் வருவதால், அந்த ஒரு முழத்துக்கு மட்டும் கம்பி போடுங்கள்.

வெப்பமானி பெட்டியில் வராது, ஆனால் செட்டின் பகுதியாகவே நினைத்து வாங்குங்கள். குத்தியதும் சில நொடியில் காட்டும் கைவெப்பமானி போதும்; வயர் உள்ளது சுற்றிக்கொண்டு அறுந்துவிடும். கோழி 74 பாகை செல்சியஸ். ஆட்டின் முழுத் துண்டங்கள் குறைந்தது 63 பாகை வந்து, பின் 3 நிமிடமாவது ஆற வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அளவு. முனை கம்பியைத் தொட்டுவிடாமல் பாருங்கள். கம்பி இறைச்சியைவிடச் சூடாக இருந்து பொய் சொல்லும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். இரண்டு கோழிக்கும் ஒரு முழு ஆட்டுக்கும் ஒரே கம்பி ஒத்துவராது. ஆட்டுக் குழாயில் கோழி நுழையாது, கோழிக் கம்பியில் ஆடு நிற்காது. கோழிக்கு 12 மி.மீ. சதுரக் கம்பி, ஒரு மீட்டர் இடைவெளி, நான்கு முள் கவ்வி இரண்டு சோடி, உலோகப் பல்சக்கரம் உள்ள சிறிய 12 வோல்ட் மோட்டார். இதை நல்லதாகப் பார்த்து வாங்குங்கள், அடிக்கடி பயன்படப்போவது இதுதான். ஆண்டுக்கு ஓரிரு முறைக்கான ஆட்டுக்கு, மேலே சொன்ன அளவில் எவர்சில்வர் குழாயை ஒரு வெல்டிங் பட்டறையில் துளையிட்டு வாங்கி, யூ போல்ட் மூன்றும், ஆணி செருகும் கைப்பிடித் தகடும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாங்கி இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம், ஒன்றை நகர்த்தி இடைவெளியை மாற்ற முடிந்தால் சரி. நீங்கள் பார்த்த 40 கிலோ செட்டின் கம்பி 12 மி.மீட்டருக்கும் மெலிந்ததாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

வாங்கிய அன்றே இறைச்சி வைக்காதீர்கள். மோட்டாரில் சுற்றப்போகும் இறைச்சியின் எடைக்கு ஒரு விறகுக்கட்டையை எடுத்து, வேண்டுமென்றே கொஞ்சம் மையம் விலக்கிக் கம்பியில் கட்டி, நெருப்பில்லாமல் ஒரு மணி நேரம் சுற்றவிடுங்கள். திருகு தளர்கிறதா, கம்பி பக்கவாட்டில் ஊர்கிறதா, மோட்டாரின் உடல் கைவைக்க முடியாத சூடாகிறதா என்று பாருங்கள். மோட்டார் திணறுவதாக இருந்தால், கடையில் திருப்பிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.